வீட்டு வண்டியில் ஒரு திருவாதிரை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். இந்தத் தூரத்தைக் கடந்து என் சம்பந்தியம்மா மூன்று வருடத்தில் நான்கு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான்கு முறையும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. முதல் தடவை விரதம் என்றார். இரண்டாம் தடவை பஸ்ஸில் வந்தது வயிற்றைப் புரட்டுகிறது என்றார். மூன்றாம் தடவை பிளாஸ்கில் காபி கொண்டுவந்தார், எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நான்காம் தடவை நான் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் எனக்கு மற்ற மூன்றையும்விட எரிச்சலாக இருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் பங்கு உண்டு. நான் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். ஆனாலும் எங்கள் வீட்டுச் சமையலறை பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போனதில்லை, அதில் மீன்தான் மணக்கும். அவர்கள் புவனகிரிப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் வீடு. முட்டை விற்கிற கடையில் பிஸ்கட்கூட வாங்க மாட்டார்கள். என் மகள் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கப் போனவள், கூடப் படித்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். அந்தப் பையனுடைய அம்மாதான் இவர். அழுகை, பட்டினி, தூது எல்லாம் முடிந்து 2006இல் கல்யாணமும் முடிந்தது. பிள்ளைகள் இரண்டும் அமெரிக்காவில் அரிசோனாவுக்கு வேலைக்குப் போய்விட்டன. இங்கே மிச்சம் நாங்கள் இரண்டு அம்மாக்கள்.

சண்டைக்காரியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஆனால் இந்த அம்மாளோ, நான் சிதம்பரம் போனால் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். தலைவாழை இலை போட்டு, இரண்டு பொரியல், கூட்டு, வடை என்று பரிமாறுவார். போதும் என்று இலையைக் கையால் மறைத்தால் விரலிடுக்கில் நெய் ஊற்றுவார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். அவருக்காகவே புது எவர்சில்வர் பாத்திரம், புது அடுப்பு என்று வாங்கி வைத்து, மொட்டை மாடியில் தனியாகச் சமைக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். எதற்கு உங்களுக்குச் சிரமம் என்று சிரித்தார். அந்தப் பாத்திரங்கள் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

2009 ஐப்பசியில் மகள் போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். சித்திரையில் பிரசவம். இரண்டு அம்மாக்களும் வந்து ஆறு மாதம் கூடவே இருக்க வேண்டுமாம். இருவருக்கும் ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டதாம். என் வீட்டுக்காரர், தனக்குத் தண்ணீர்மேல் போகிற வண்டிதான் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிக் கழன்றுகொண்டார்.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே வீடு, ஒரே சமையலறை. அங்கேயும் அந்த அம்மாள் என் கையால் சாப்பிட மாட்டார். பிறக்கிற பிள்ளை அதைப் பார்த்து வளரும். ஒரு பாட்டி சமைத்ததை இன்னொரு பாட்டி தொட மாட்டார் என்பதை, அம்மா அப்பா என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே அது கற்றுக்கொள்ளும். நாளைக்குக் கடலூருக்கு வந்தால் அதுவும் தட்டைத் தள்ளிவிட்டால்? என் மகள் வயிற்றுப் பிள்ளை என் வீட்டில் சாப்பிடத் தயங்குகிற மாதிரி நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

டிசம்பரில் நாங்கள் அரிசோனாவில் போய் இறங்கியபோது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேறு மாதிரியான பயம். இரண்டு அம்மாக்களை ஆறு மாதம் ஒரு வீட்டில் வைப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிட நினைத்தார்கள். வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தார்கள். நம் ஊர் மினி பஸ் அளவு. உள்ளே படுக்கை, சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதை ஓட்டிக்கொண்டு பாலைவனத்தில் பத்து நாள் சுற்றப் போகிறோம் என்றார்கள். பத்து நாளும் வண்டிதான் வீடு. வயிற்றுப் பிள்ளைக்காரியை அலைக்கழிக்கலாமா என்று நானும் சம்பந்தியம்மாவும் ஒரே மூச்சில் கேட்டோம். டாக்டரே சரி என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் இருவரும் ஒரே மாதிரிப் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

புறப்படும்முன் மாப்பிள்ளை வண்டியைப் பற்றி ஒரு பாடம் எடுத்தார். நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, நூற்றைம்பது லிட்டர். அழுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. கழிப்பறைத் தொட்டி ஒன்று. எதை எப்போது திறப்பது, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம். முப்பது வருடம் வகுப்பு எடுத்தவளுக்கு அடுத்தவர் எடுக்கிற வகுப்பில் உட்கார வராது. தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இடம் பிரித்தோம். பின்னால் இருந்த கட்டில் பிள்ளைகளுக்கு. சாப்பாட்டு மேசையை மடக்கினால் படுக்கையாகும், அது சம்பந்தியம்மாவுக்கு. டிரைவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அது எனக்கு. ஐம்பத்தெட்டு வயதில் ஏணி பிடித்து ஏறினேன், படகுக்காரர் பெண்டாட்டி என்கிற வீம்பில். சமையலறையில் இரண்டே அடுப்பு. யாரும் சொல்லாமலே இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு என்றாகிவிட்டது. அவருடைய பாத்திரங்கள் மேல் அலமாரியில், என்னுடையவை கீழே. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் சாப்பாடு போனது. அவர் வைத்த ரசத்தை நானும் குடித்தேன். நான் வைத்த வெறும் பருப்பைக்கூட அவர் தொடவில்லை. மரியாதைக்காக நான் வண்டிக்குள் மீனை ஏற்றவே இல்லை.

மூன்று நாளுக்கு ஒரு தடவை மாப்பிள்ளை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, யானைத் துதிக்கை பருமனுக்கு ஒரு குழாயை வண்டியின் அடியில் பொருத்தி, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வார். தன் ஒரே மகன், இன்ஜினியர், வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்வதைச் சம்பந்தியம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பாவம் என்று வாயால் சொன்னேன்.

பாலைவனம் என்றதும் நான் மணல் மணலாக எதிர்பார்த்திருந்தேன். அங்கே கல்லும் முள்ளும் செம்மண்ணும் வெறும் மலைகளும்தான். ஆள் உயரத்துக்கு நான்கு மடங்கு கள்ளி, டிராபிக் போலீஸ் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரவில் எலும்பு வரைக்கும் குளிர், பகலில் பளிச்சென்று வெயில். மேகம் என்று ஒரு துண்டு கிடையாது. எங்களுக்கு மார்கழி என்றால் காய்ந்தும் காயாத துணி, ஈரம் ஏறி நமுத்துப்போன அப்பளம். கடலூராகட்டும் சிதம்பரமாகட்டும், இந்த விஷயத்தில் எங்களுக்குள் சைவம் அசைவம் கிடையாது. இங்கே துவைத்துப் போட்ட புடவை அரை மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிட்டது. அதைக் கையில் மடித்துக்கொண்டே சம்பந்தியம்மா வானத்தைப் பார்த்து, "இவ்ளோ வெயில வீணாக்குறாங்களே, ஒரு வடகம் புழிஞ்சி போட மாட்டாங்களா?" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. நான்கு நாளாக என் மனத்தில் இருந்ததும் அதுதான். வடகம் என்கிற வார்த்தை மட்டும் வேறு. ஒரு சொட்டு ஈரம் இல்லாத காற்று, பகல் முழுக்கக் குறையாத வெயில், பேருக்குக்கூட ஓர் ஈ இல்லை. எங்கள் கடற்கரையில் கருவாடு போடுகிறவர்கள் இப்படி ஒரு வெயிலைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றே அவர் பச்சை மிளகாயை மோரில் ஊறவைத்து, வண்டியின் மடக்கு மேசையில் காயப்போட்டார். மறுநாள் பார்த்தால் கலகலவென்று சத்தம் வந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொன்றைப் பிட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினோம்.

எட்டாம் நாள் ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்தினோம். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, காசும் கிடையாது. குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து வருகிற வயதானவர்கள் அங்கங்கே வண்டியை நிறுத்தி மாதக்கணக்கில் கிடப்பார்களாம். பக்கத்து வண்டி ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதில் ஒரு தாத்தாவும் ஒரு நாயும். சாயங்காலம் நடந்து போனவள் அவருக்கு நான்கு முறுக்கு கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆற்றில் பிடித்த மீனாம், தன் பெட்டியில் இடமில்லையாம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டு, புத்தாண்டுக்கு நகரத்துக்குப் போய் நாளைக் காலை வருவதாகச் சொல்லி ஜீப்பில் போய்விட்டார். அன்று டிசம்பர் முப்பத்தொன்று.

மற்ற மூன்று பேரும் பக்கத்தில் இருந்த குன்றுக்கு நடக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வலி என்று நான் தங்கிவிட்டேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. வாளியில் இருபது மீன் துள்ளி முடித்துக் கிடந்தது. ஆற்று மீனுக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை குறைவுதான், ஆனால் எட்டு நாள் மீன் வாசனையே இல்லாமல் இருந்தவளுக்கு அதையெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. வண்டிக்குள் கொண்டுபோனால்தானே தப்பு? வெளியிலேயே வைத்து, அவர்கள் வருவதற்குள் வேலையை முடித்து, மகளுக்கு ஒரு டப்பா கருவாடு தயார் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வண்டியின் பக்கவாட்டில் வெளியே ஒரு குழாய் உண்டு. அதன் கீழே பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். செதில் எடுத்து, வயிறு கீறி, கழுவினேன். ஒரு தடவை கழுவினால் அது கழுவினதாகாது. ரத்தம் போகிற வரைக்கும் கழுவி, உப்புத் தேய்த்து ஊறவைத்து, உப்பைக் கழுவி, மறுபடி உப்பு வைத்தேன். கடற்கரையில் இதையெல்லாம் கடலில் செய்வோம். கடல் தீர்ந்துபோகுமா? குழாயையும் நான் அப்படித்தான் திறந்து விட்டிருந்தேன். பலகையைக் கழுவினேன், தரையைக் கழுவினேன், வாளியைத் தாத்தாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அதையும் பளபளவென்று கழுவினேன். மீனைக் கயிற்றில் கோத்து இரண்டு கள்ளிகளுக்கு நடுவே கட்டினேன். பிறகு மேலெல்லாம் வாடை அடிக்கிறதே, அந்த அம்மாள் வந்தால் முகம் சுளிப்பாரே என்று குளியலறைக்குள் போய் சோப்பு, சீயக்காய், மறுபடி சோப்பு என்று தலைக்குக் குளித்தேன். கடைசி மக் தண்ணீர் ஊற்றும்போது குழாய் ஒரு கனைப்புக் கனைத்து நின்றுவிட்டது. சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

நூற்றைம்பது லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு தொட்டி, ஒரு குழாயைத் திறந்தால் எத்தனை நிமிடத்தில் காலியாகும் என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பேன். தப்பாகப் போட்டவன் காதைத் திருகியிருக்கிறேன். ஈரத்தலையோடு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தப் பிள்ளைகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் மூவரும் புழுதியோடு வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியம்மா உற்சாகமாக இருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, தலைக்குக் குளித்துவிட்டுக் களி கிண்ட வேண்டும், இன்றைக்குத் திருவாதிரை என்றார். காலண்டரில் நாளைக்கு என்றல்லவா போட்டிருக்கிறது என்றேன். அவர் சொன்னார், சிதம்பரத்தில் நாளைக் காலை அபிஷேகம் நடக்கும்போது இங்கே இன்றைய சாயங்காலமாம். நடராஜர் அங்கே குளிக்கிற நேரத்துக்கு இங்கே களி வைக்க வேண்டாமா? நேற்று இரவே விரலை மடக்கி மணியைக் கணக்குப் பார்த்து வைத்துவிட்டாராம். குன்று ஏறிவிட்டு வந்து குளித்தால் ஒரே குளியலாகப் போகும் என்றுதான் காலையில் குளிக்காமல் கிளம்பினாராம். ரவை, பாசிப்பருப்பு, வெல்லம், ஏழு காய் என்று எல்லாவற்றையும் ஊரிலிருந்தும் கடையிலிருந்தும் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஒரு வருடம் தவறியதில்லையாம்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். மீனையும் காட்டினேன். யாரும் கத்தவில்லை. மாப்பிள்ளை மட்டும் முகம் சிவந்து, ஒரு மணி நேரத்தில் ஊருக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்துவிடலாம் என்று வண்டியைக் கிளப்பினார். கோபத்தில் திருப்பினாரோ அவசரத்தில் திருப்பினாரோ, பின்சக்கரம் இரண்டும் காய்ந்த ஓடை மணலில் இறங்கி, சுற்றச் சுற்ற இன்னும் புதைந்தது. போனில் சிக்னல் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு வண்டியும் இல்லை. ஜீப் வைத்திருந்த தாத்தா நாளைக் காலைதான் வருவார். இருந்தது, குடிப்பதற்கு வாங்கிய நான்கு லிட்டர் கேன் இரண்டு.

அவமானத்தில் எனக்குக் கண் எரிந்தது. வேறு எதைச் செய்திருந்தாலும் பரவாயில்லை. மீன் கழுவித் தண்ணீரைத் தீர்த்து, அவருடைய திருவாதிரையைக் கெடுத்தவள் என்று ஆகிவிட்டேனே. இனி சிதம்பரத்தில் இந்தக் கதை எத்தனை வருடம் ஓடும்? போய்க் கயிற்றை அவிழ்த்து மீனைத் தூக்கி எறியப் போனேன்.

சம்பந்தியம்மா பின்னாலேயே வந்தார். "எறியாதீங்க, புள்ளத்தாச்சி கேப்பா. காத்து வண்டிப் பக்கம் அடிக்குது, அந்தாண்ட மரத்துல மாத்திக் கட்டுங்க" என்றார். பிறகு உள்ளே போய் இரண்டு கேனையும் தூக்கி என் மகள் பக்கத்தில் வைத்தார். குளிக்க ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, குடிக்கவும் சாப்பாட்டுக்கும் அவளுக்குத்தான் முதலில், மிச்சம்தான் மற்றவர்களுக்கு என்றார். மாப்பிள்ளை ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளச் சொன்னார். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளை குடிக்கிற தண்ணீரை எடுத்துச் சாமிக்குக் குளிப்பதா என்று கேட்டார்.

அதோடு களி போயிற்று என்று நினைத்தேன். அவர் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று மணி வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை சக்கரத்தின் அடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். அப்போது சம்பந்தியம்மா வண்டியின் வாசற்படியில் வந்து நின்று, என்னைப் பார்த்து, என் தலைமுடியைப் பார்த்து, கேட்டார்.

"நீங்க குளிச்சிட்டீங்கல்ல?"

ஆமாம் என்றேன், குற்றவாளி மாதிரி.

"அப்ப நீங்க கிண்டுங்க. இந்த வண்டில குளிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். மேல் அலமாரில என் உருளி இருக்குது, எடுங்க."

எழுந்திருக்காமல், "காலையில மீன் கழுவுன கை இது" என்றேன். பணிவாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். மூன்று வருடக் கோபமும் அதில் இருந்தது.

"தெரியுது. அப்புறம் நல்லாத் தேச்சிக் குளிச்சீங்கல்ல? எங்க தண்ணியெல்லாம் அதுக்குத்தானே போச்சு" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மகள் பின்கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேல் அலமாரியைத் திறந்தேன். அதில் கை வைப்பது அதுதான் முதல் தடவை. அவர் குளிக்காததால் அடுப்புப் பக்கம் வராமல் படியிலேயே நின்று பாடம் எடுத்தார். இந்த வகுப்பில் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. ரவையையும் பருப்பையும் சிவக்க வறுத்தேன். அளந்து அளந்து தண்ணீர் விட்டேன். வெல்லம் கரைந்து கொதித்ததும் ரவையைத் தூவிக் கிண்டினேன். கட்டி தட்டுகிறது, கையை நிறுத்தாதீங்க என்றார். நெய் போதாது என்றார். இடது அடுப்பில் களி, வலது அடுப்பில் ஏழு காய்க் குழம்பு. தண்ணீர் கம்மி என்பதால் குழம்பு கெட்டியாகக் கூட்டு மாதிரி வந்தது. இரண்டு அடுப்பிலும் நானே நின்றேன்.

ஐந்து மணிக்கு அந்தி வெயிலில் வெளியே மேசை போட்டார் மாப்பிள்ளை. அங்கே இப்போது அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும் என்று சம்பந்தியம்மா மணியைப் பார்த்துச் சொல்லி, மலைப் பக்கமாகக் கை கூப்பினார். காகிதத் தட்டுகளில் நான் பரிமாறினேன். இவர் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, சாமிக்காக ஒரு வாய் போதும் என்று தட்டை வைத்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் களியில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பேசாமல், தட்டு காலியாகும் வரைக்கும் சாப்பிட்டார். பிறகு தட்டை நீட்டினார். நான் இன்னொரு கரண்டி வைத்தேன். ஏலக்காய் பத்தவில்லை என்றார்.

நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர் சாப்பிட்டதற்காக மட்டும் அழவில்லை, அதற்காக நான் மூன்று வருடமாக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதைத்தான் கோபம் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் காலை தாத்தா வந்து ஜீப்பில் சங்கிலி கட்டி வண்டியை இழுத்து விட்டார். அவருக்கு மிச்சக் களி கொடுத்தோம். என் மீனில் பாதியை இரவில் ஏதோ நரி தின்றுவிட்டது. மீதிப் பாதி நன்றாகவே காய்ந்தது.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். நாங்கள் இருவரும் ஆறு மாதமும் ஒரே சமையலறையில்தான் இருந்தோம். அவர் என் சமையலைச் சாப்பிட்டார், குறை சொன்னார். நானும் அவருடைய சாம்பாரில் புளி ஜாஸ்தி என்று சொல்லத் தொடங்கினேன். சண்டைகூட ஒன்றிரண்டு வந்தது, நல்லபடியாக. ஆனாலும் என் மனத்தில் ஒரு மூலையில் சந்தேகம் போகவில்லை. அது யாரும் பார்க்காத ஊர். அங்கே தண்ணீர் இல்லை, வேறு வழி இல்லை. சிதம்பரத்தில் அவருக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

2010 மார்கழியில் பிள்ளைகள் குழந்தையோடு ஊருக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்து, திருவாதிரைக்கு முதல் நாளே வந்துவிடச் சொன்னார். முப்பது பேருக்குக் களி, தனக்குத் தோள்பட்டை வலி, நீங்கள்தான் கிண்ட வேண்டும் என்றார். போனேன். விடியற்காலையில் அவர் வீட்டுக் கிணற்றடியில் குளிர நடுங்கிக் குளித்துவிட்டு, பெரிய உருளியில் கிண்டினேன். இரண்டு கையிலும் கொப்புளம் வந்தது.

தரிசனம் முடிந்து கூட்டத்தில் நசுங்கி எல்லாரும் வந்து சேரப் பகல் மூன்று மணி ஆகிவிட்டது. கூடத்தில் இலை போட்டார்கள். முதல் இலையில் சம்பந்தியம்மாவின் நாத்தனார், காலமான அவர் கணவரின் அக்கா. எழுபது வயதுக்கு மேல். கல்யாணத்தின்போது எங்கள் வீட்டுப் பந்தலுக்குள் காலே வைக்காதவர். நான் களிக் கரண்டியோடு நின்றேன். அவர் இலையின் மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சம்பந்தியம்மாவிடம் யார் கிண்டியது என்று கேட்டார்.

என் மகள் தூணோரம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கரண்டியை வைத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் போல் இருந்தது.

சம்பந்தியம்மா என் மகளிடமிருந்து பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கரண்டியிலிருந்து விரல் நுனியில் கொஞ்சம் களியை எடுத்து, நசுக்கி, குழந்தையின் வாயில் வைத்தார். எட்டு மாதக் குழந்தை சப்புக் கொட்டிக்கொண்டு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. இன்னொரு விரல் வைத்தார். பிறகுதான் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"இவ அம்மாச்சி கிண்டுனது. உங்களுக்குப் போடச் சொல்லட்டுமா, அக்கா?"